வளையம் போடாத வருஷம்

கத்தியை வளையத்தின் ஓரத்தில் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுப் பட்டால் மரத்தூள் பறந்துவிடும். பறந்தால் ஒரு வருஷம் போயிற்று. மரம் ஆண்டுக்கொன்றாகப் போட்ட வளையங்களைப் பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணி, தனித்தனியே சீவி, சிறு குப்பிகளில் அடைத்து, வருஷத்தை எழுதி ஒட்டுவது அவர் வேலை. அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளப்பது இயந்திரத்தின் வேலை.

ஆய்வகத்தில் அவருக்கு வளையக்கா என்று பெயர். “இன்னிக்கு எந்த வருஷத்துல இருக்கீங்கக்கா?” என்று இளையவர்கள் வாசலில் நின்றே கேட்பார்கள். “எழுபத்தெட்டு. நீங்கல்லாம் பொறக்கவே இல்ல, போங்க” என்பார். சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் குறைவு. ஞாயிறன்று தங்கை தொலைபேசியில் வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்பாள். “போச்சு” என்பார். சொல்ல வேறொன்றும் இருக்காது.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எண்ணிக்கை தப்பியதில்லை. அதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் அவரிடம் வேறு சொத்தும் இல்லை.

சென்ற வாரம் அளவுகள் வந்தன. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன் அறுபத்துநான்காம் ஆண்டு வளையத்தில் உச்சம் தொட வேண்டும். அவர் குப்பிகளில் அது அறுபத்தைந்தில் நின்றது. மூன்று நாள் உருப்பெருக்கியை விட்டு எழவில்லை. பக்கத்து மரத்தோடு ஒப்பிட்டதில் பிடிபட்டது: மழை பொய்த்த எழுபத்திரண்டில் இந்த மரம் வளையமே போடவில்லை. அதற்கு உள்ளே இருந்த வளையங்களின் அத்தனை குப்பியிலும் வருஷம் தப்பு.

இந்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரை மறுநாள் ஆய்விதழுக்குப் போக வேண்டும். ஆய்வகத் தலைவர் கோபிக்கவில்லை. ஒரு வருஷம்தானே, பிழை வரம்புக்குள் அடங்கிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை, உங்கள் பெயரும் கெடாது என்றார்.

“மரம் அந்த வருஷமும் உயிரோடதான் சார் இருந்துச்சு” என்றார் வளையக்கா. “ஒண்ணும் எழுதி வைக்கல, அவ்வளவுதான். எண்ணினதுல தப்பு என்னோடதுன்னே போட்டுடுங்க.”

எல்லோரும் கிளம்பிய பிறகு குப்பிகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். வருஷம் தப்பிய சீட்டுகளை நகத்தால் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் பின்னுக்குத் தள்ளி எழுதி ஒட்டினார். நாற்பத்தாறு குப்பிகள். எழுபத்துமூன்றுக்கும் எழுபத்தொன்றுக்கும் நடுவே விரலகலம் இடம் விட்டிருந்தார். கடைசியில் காலிக் குப்பி ஒன்றை எடுத்து, 1972 என்று எழுதி ஒட்டி, உள்ளே ஏதோ இருப்பதுபோல மூடியை இறுகத் திருகி, அந்த இடத்தில் வைத்தார்.