குதிரை வழுக்கிய இடம்

பிஷ்கேக்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்குச் சோறு போடுபவள் அனார்குல். கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி, சீழ்க்கிருமியைப் பரப்பி, மூலிகைச் சாற்றில் நனைத்த பொட்டளவு காகித வில்லைகளை மேலே வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வளையம் இருந்தால் அந்தச் செடியில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் வேலை. நான் சோனுன், தட்டு கழுவுபவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் புருஷன் ஷர்ஷென் எங்களுக்கு மலையிலிருந்து செடி பறித்து வந்தவர். ஆள்குறைப்பில் வேலை போனதும் ரஷ்யாவில் யாகுத்ஸ்க் சுரங்கத்துக்குப் போனார். இரண்டு குளிர்காலம் போன் வந்தது. பிறகு நான்கு வருடமாக ஒன்றுமில்லை. தூதரகத்துக்கு அவள் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. செத்தார் என்று அழவும் முடியாமல், வருவார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாமல், என்ன பிழைப்பு அது! தெருவில் அகன்ற முதுகோடு எவன் போனாலும் நின்று பார்ப்பாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போவேன்.

போன இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் தோரோபெக் கிடங்கைக் காலி செய்யச் சொன்னார். பழைய பைகளுக்கிடையே ஷர்ஷென் கையெழுத்தில் ஒரு காகிதப் பை. உள்ளே சாம்பல் நிறச் செடி, வாசனைகூடப் போகவில்லை. மேலே, 'ஆட்டுப் புண்ணுக்கு மேய்ப்பர்கள் அரைத்துப் போடுவது. குதிரை வழுக்கிய இடம்' என்று எழுதியிருந்தது. ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதாததற்கு அந்த மனிதர் வாங்காத திட்டில்லை.

"ஒரே ஒரு தடவ சோதிச்சுப் பாத்துர்றேன் சார்" என்றாள்.

"ஆட்டுத் தீவனத்தயா?"

"அவரு சும்மா சுமந்துட்டு வரமாட்டாரு."

"சரி, ஒரே தடவதான்" என்றார் தோரோபெக்.

பாதிச் செடியைச் சாறெடுக்க ஸ்பிரிட்டில் ஊறவைத்தாள். மீதிப் பாதி அவள் கைப்பைக்குள் போனதைப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் வில்லைகளைச் சாற்றில் நனைத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வில்லைகளும் உண்டு. எல்லாவற்றையும் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எந்த நல்லது தொடங்கினாலும் எங்கள் வீடுகளில் அதிரஷ்மான் செடியைக் கொளுத்திப் புகை போடுவோம், கண்ணேறு கழியும். வில்லைகளைச் சுற்றி மூன்று முறை புகை காட்டினேன். ஷர்ஷென் திரும்பி வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். காகிதம் புகையைக் குடிக்கும், அந்தப் புகையும் கிருமியைக் கொல்லும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் எல்லா வில்லைக்கும் வளையம். ஸ்பிரிட் வில்லைக்கும்கூட.

"பேஷ். உங்க வீட்டுக்காரரு புல்லும் கொல்லுது, வெறும் காகிதமும் கொல்லுது. தூக்கிப் போடுங்கம்மா" என்றார் தோரோபெக்.

அனார்குல் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான்தான்டி புகை போட்டேன்."

"எதுக்கு அக்கா?"

"அவரு வரணும்னு."

அவள் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. நான் கழுவுதொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு தோரோபெக்கிடம் போய் நின்றேன்.

"தப்பு என்னோடது. வேணும்னா என்ன வேலைய விட்டு அனுப்புங்க, அவளுக்கு இன்னொரு தடவ குடுங்க."

"உன்ன அனுப்பிட்டு யாரோட சண்ட போடுறது? போ, செய்யச் சொல்லு" என்றார்.

மூன்றாம் நாள் அனார்குல் தன் தலையணையைக் கொண்டுவந்து என் முன்னாலேயே தையலைப் பிரித்தாள். முதல் சாற்றைக் கொட்டியாகிவிட்டது; மீதிச் செடி அதற்குள் இருந்தது.

"இதுல தலவச்சுத்தான் அக்கா தூங்குறேன். கண்ண மூடினா அவரு கோட்டு வாசன."

"அப்ப வேண்டாம்டி. வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டா வாசன இருக்கும், அவரு சொன்னது பொய்னு ஆயிரும். இந்தத் தடவ நீங்க வாசல் பக்கம்கூட வராதீங்க."

போகவில்லை. வேறு யாரும் போகாமலும் பார்த்துக்கொண்டேன்.

சாறு ஊறி, வில்லை வைத்த மறுநாள் ஸ்பிரிட் வில்லையின் விளிம்புவரை கிருமி முளைத்திருந்தது. ஷர்ஷெனின் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம். ஸ்கேல் வைத்து அளந்தாள், பத்தொன்பது மில்லிமீட்டர். சாற்றை வேதியியல் அறையில் பிரித்துப் பார்த்தபோது ஊதா விளக்கின் கீழே ஒரு புள்ளி தெரிந்தது. எங்கள் பட்டியலில் உள்ள எந்த மருந்துப் பொருளோடும் அது ஒத்துப்போகவில்லை. தோரோபெக் முதல்முறையாக அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது என்னன்னு தெரிய ஒரு மூட்டைச் செடியாவது வேணும். எங்க பறிச்சது?"

அவள் காலிப் பையை நீட்டினாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தக் குதிரம்மா? எந்த எடம்?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

பையை மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"முழுப்பேரு சொல்லுங்க. கடைசியா எந்தச் சுரங்கம்? நிறுவனத்து முத்திரையோட தூதரகத்துக்கு எழுதுறேன்."

மாலையில் வெறும் தலையணை உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.

"இத்தன நாளா நான் மட்டும்தான் தேடினேன் அக்கா. இப்ப அவங்களுக்கும் அவரு வேணும்."

அகன்ற முதுகோடு ஒருவன் ரோட்டைக் கடந்து போனான். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானும் பார்த்தேன்.