ஓட்டுநரும் ஓவர்கிளாக்கும்

டிப்போவில் அவருக்கு அன்னநடை என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு இதைவிடக் கேவலமான பட்டப்பெயர் கிடைக்காது. சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நடுரோட்டில் ஒரு புறா உட்கார்ந்திருந்தால், அது சாவகாசமாக எழுந்து போகும்வரை வண்டியை நிறுத்திவைப்பார். விசில் ஊதி ஊதிக் கண்டக்டருக்குக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். இத்தனை வருட வேலையில் அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது, அவர் பேரில் ஒரு விபத்து கிடையாது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கிடையாது.

இப்படிப்பட்டவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கணினி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் பஸ் ஓட்டுவார். அது ஒரு விளையாட்டு. மலைப்பாதை, மழை, கொண்டை ஊசி வளைவு எல்லாம் உண்டு. அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் படிக்கட்டில் தொங்குவதில்லை, ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திவிட்டதாகத் திட்டுவதில்லை. அங்கே அவர் எப்படி ஓட்டுகிறார் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. காதில் ஹெட்போன், திரையை மறைத்துக்கொண்டு அகலமான முதுகு.

கணினி உண்மையில் அவர் மனைவியுடையது. அம்மணி வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்துக் கொடுக்கிறவர். அந்த வாரம் ஒரு பல் டாக்டருக்கான பலகை கையில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல், அது சிரிக்க வேண்டும். பல்லுக்கே பல் வைத்துச் சிரிக்கவைப்பது எப்படி என்று அம்மணி சில நாட்களாகவே மண்டையை உடைத்துக்கொண்டு, ஒருவழியாக முடிக்கும் இடத்துக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மணி குளிக்கப் போன நேரத்தில் அன்னநடை கணினியைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டில் ஒரு வளைவில் மழை திக்கித் திக்கிப் பெய்வது அவரை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. திரையில் காட்சிகளை வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை, அதைச் செய்த கம்பெனி நிர்ணயித்ததற்கு மேலேயும் ஏற்றலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்று இணையத்தில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். அதற்கென்றே ஒரு மென்பொருளும் இருந்தது. துளி ஏற்று, ஓடவிட்டுப் பார், பிறகு இன்னொரு துளி ஏற்று என்று தாடிக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தறியாத நம் ஆள், ஸ்லைடரைப் பிடித்து வலது கோடிவரை ஒரே இழுப்பாக இழுத்தார். போதாததற்கு, இனி கணினி திறக்கும்போதெல்லாம் இதே வேகம் இருக்கட்டும் என்ற கட்டத்திலும் டிக் அடித்தார்.

மழை அருமையாகப் பெய்தது. கொஞ்ச நேரத்தில் ஊதா நிறத்தில் பெய்தது. அப்புறம் திரை கறுத்துவிட்டது.

அணைத்துப் போட்டார். மதர்போர்டு கம்பெனியின் சின்னம் வந்தது, சின்ன வட்டம் சுற்றியது, மறுபடி கறுப்பு. எத்தனை தடவை போட்டாலும் அதே கதை. தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அம்மணியிடம், அது தானாகவே ஏதோ அப்டேட் ஆகிறது என்று சொல்லிவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். பேப்பர் தலைகீழாக இல்லை, அந்த மட்டும் ஜாக்கிரதை.

அப்டேட் முடிகிற வழியாக இல்லை. அம்மணி தன் தம்பிக்கு போன் போட்டார். தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கழற்றிவிட்டுத்தான் யோசிப்பான். வந்தவன் பெட்டியைப் படுக்கப்போட்டு, கார்டு, மெமரி, ஒயர் என்று கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கித் தரையில் பரப்பினான். ஊதினான், துடைத்தான், திரும்ப மாட்டினான். இப்போது முன்பு வந்துகொண்டிருந்த சின்னமும் வரவில்லை. பெட்டிக்குள் காற்றாடி மட்டும் சுற்றியது.

"மதர்போர்டு போயிடுச்சு மாமா. ஒண்ணும் பண்ண முடியாது," என்று சொல்லி, கடையில் ஆள் காத்திருப்பதாகக் கிளம்பிப் போனான்.

அம்மணி கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அன்னநடைக்கு. செய்வதறியாமல் பெட்டியின் பக்கத்தில் குந்தினார். காலையில் வண்டி எடுக்குமுன் டயர், விளக்கு, கண்ணாடி என்று சுற்றி வந்து பார்க்கிற பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெட்டிக் காற்றாடி சுற்றுகிறது, கார்டின் மேலிருக்கும் காற்றாடிகள் சும்மா நிற்கின்றன. ஏனென்று குனிந்து பார்த்தால், கார்டுக்கு மின்சாரம் போகிற ஒயரை மச்சினன் மாட்டவே இல்லை. அது ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்து, ஒயரைச் சொருகிப் போட்டார். சின்னம் வந்தது. வட்டம் சுற்றியது. கறுத்தது.

அவருக்கு வந்த சந்தோஷமும் அத்தோடு போயிற்று. அம்மணி எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. காலைல நான் குளிக்கப் போனப்போ இதுகிட்ட யாரு இருந்தா?"

"நான்தான்."

"என்ன பண்ணீங்க?"

"கார்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்."

"கொஞ்சம்னா?"

"கடைசி வரைக்கும்."

அம்மணி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆட்டோவைக்கூட முந்தாத மனிதர் இப்படிச் செய்திருக்கிறார் என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இந்தக் கார்டு வாங்கறதுக்கு முன்னாடி மானிட்டர் ஒயரை எங்க சொருகியிருந்தோம்?"

மதர்போர்டிலேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் வசதி உண்டு. அதற்கான துளை பெட்டியின் பின்பக்கம் தூசி படிந்து கிடந்தது. கார்டைக் கழற்றி ஓரம் வைத்தார்கள், ஒயரை அந்தத் துளையில் சொருகினார்கள், பட்டனை அழுத்தினார்கள். வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து, கணினி திறந்தது. அந்த வேக மென்பொருள் எழுந்து வந்து, கார்டைக் காணோமே என்று புலம்பியது. அம்மணி அதை அடியோடு நீக்கினார். பல் பத்திரமாக இருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தது.

அன்னநடை மூச்சு விட்ட அந்த நேரத்தில்தான் திரையின் மூலையில் விளையாட்டிலிருந்து ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. அவர் அதை மூடப் பாய்ந்தார். அம்மணி அவர் கையைத் தட்டிவிட்டுச் சத்தமாக வாசித்தார். மிதமிஞ்சிய வேகம், ஸ்டாப்பில் நிறுத்தாமை, ரொட்டிக்கடைக்குள் புகுந்தது, பயணிகளோடு ஆற்றில் இறங்கியது ஆகிய காரணங்களுக்காக ஓட்டுநரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்குகிறது.

"பஸ்ஸை ஆத்துல விட்டீங்களா?"

"அந்த வளைவுல மழை திக்குச்சு. ரோடு தெரியல."

"ரொட்டிக்கடை?"

அவர் ஓரமாகக் கிடந்த கார்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மணி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். தானும் சிரிக்கலாமா, இல்லை இன்னும் குற்றவாளியாகவே நிற்க வேண்டுமா என்று புரியாமல் அன்னநடை கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் பல் முடிந்தது. டாக்டர் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருக்கலாம் என்றாராம். இதற்கு மேல் வெள்ளையாக்கினால் சுவருக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அம்மணி சொல்லிவிட்டார். அதன் பிறகு கார்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தார்கள். பழைய வேகத்தில் ஒழுங்காக ஓடியது.

அக்கா சொல்லி மச்சினனுக்குத் தெரிந்த விஷயம், அவனிடம் போன் ரிப்பேருக்கு வந்த கண்டக்டர் வழியாக டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. மறுவாரம் ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கண்டக்டர் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இங்க வேணாம். பாலம் இறங்கினதும் கொஞ்சம் மிதிங்க," என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்னநடைக்கு வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஏதோ ஒரு பெருமையும் இருந்ததாக அவரே பிற்பாடு சொன்னார்.

வீட்டில் அவருக்கென்று கணினியில் தனிக் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது. விளையாடலாம், வேறு எதையும் மாற்ற முடியாது. புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமென்றால் அம்மணியைக் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் திருப்தியாக இருந்தால் அவர் வந்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்கிறார்.