ஒரே பெண்ணுக்கு இரண்டாவது மஞ்சள் நீராட்டு

அழுகிற முகத்தில் மேக்கப் நிற்காது. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் அதுதான். முகூர்த்த நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிற என் இனமே, உங்களுக்குத் தெரியாததா? ஸ்ரீபெரும்புதூரில் பார்லர் வைத்திருக்கிறேன். ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை மேக்கப் போட்ட கதை இது.

முதல் தடவை

மண்ணூரில் மஞ்சள் நீராட்டு. பெண் நிவேதா, எட்டாம் வகுப்பு. அம்மா தேவி, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் இறக்கினார். ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் ஏற்றி, கல்யாணப் பெண்ணைப் போல அவளை உட்கார வைத்துவிட்டோம். குழந்தைக்கு வயிற்றுவலி. "படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். நானும் என் பங்குக்கு, "அழாதம்மா, மை கலைஞ்சிடும்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தேவி சொன்னாள்: "இன்னக்கி ஒரு நாளுதானக்கா, பல்லக் கடிச்சிக்கினு குந்தட்டும்."

இரண்டாவது தடவை

ஒன்றரை வருடம் கழித்து தேவி போன் செய்தாள். பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, வூட்டோட சிம்பிளா, கொஞ்சம் பெரிய பொண்ணாத் தெரியணும் என்றாள். இளையவளாக இருக்கும் என்று நினைத்துக் காலையிலேயே போய் பவுண்டேஷனை ஆரம்பித்துவிட்டேன். எத்தனையோ முகம் பார்க்கிறவளுக்கு ஒரு முகம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்பது தேவியின் கணக்கு. என் விஷயத்தில் அது சரிதான். ஆனால் என் உதவியாளர் பாத்திமா, முன்பு ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்று பழுது கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். என் போனில் பழைய போட்டோவைத் தேடி எடுத்து என் முன்னால் நீட்டினாள். அதே மச்சம், அதே நிவேதா! காதோரம் கேட்டாள்: "யக்கா, ஒரு பொண்ணு எத்தினி வாட்டி வயசுக்கு வரும்?"

சவுரி மறந்த கதை

கதவைச் சாத்திவிட்டு நிவேதாவிடமே கேட்டேன். "மாமாவுக்குத்தாங்க்கா கட்டி வெக்கிறாங்க. அவ்ளோ சீர் வாங்கிட்டு இப்ப வேணாம்னா மாமா மூஞ்சில எப்டி முழிக்கிறதுன்னு அம்மா கேக்குது. நான் பத்தாவது எழுதணுங்க்கா" என்றாள். மாமனுக்கு வயது முப்பது தாண்டியிருக்கும். ஜடையோடு வைத்துப் பின்னுகிற சவுரி கடையிலேயே தங்கிவிட்டது என்று ஒரு பொய் சொல்லி பாத்திமாவை ஸ்கூட்டியில் அனுப்பினேன். தெருமுனைக்குப் போனதும் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டாள். நான் ஜடையைப் பின்னினேன், அவிழ்த்தேன், மறுபடி பின்னினேன். மாமன் கதவைத் தட்டினார்: "இன்னாம்மா, தாலி கட்ற டைம்... தண்ணி ஊத்துற டைம் ஆவுது!"

அந்தப் போட்டோ

குழந்தைகள் நல அதிகாரி அம்மா போலீஸோடு வந்தார். "மஞ்சத்தண்ணி பங்ஷன் மேடம்" என்று வீடே ஒரே குரலில் சொன்னது. அவர் ஒரு நிமிடம் தயங்கினார். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய நீராட்டுப் போட்டோவை நான் காட்டினேன். அவர் அதையும் நிவேதா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கல்யாணம் நின்றது. தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து, போட்ட மேக்கப்பை எல்லாம் துடைத்தேன். தேவி என்னைப் பார்த்தாள்: "ஒன்ன நம்பித்தானக்கா கூப்ட்டேன்."

மூன்றாவது தடவை

அந்த ஒரு வார்த்தை பல நாள் உறுத்தியது. அதனால்தான் ஒரு சாயங்காலம் தேவியே நிவேதாவைப் பார்லருக்கு அழைத்து வந்தபோது கையிலிருந்த சீப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தேவி வாசல் பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனாலும் வந்தாளே! பாத்திமாவுக்கும் அந்த அதிகாரிக்கும் நான் சொல்லவேண்டிய நன்றியில் தேவிக்கும் பங்கு உண்டு. பழக்கதோஷத்தில் பவுடர் டப்பாவை எடுத்தேன். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "வேணாங்க்கா, பத்தாவது பரிட்சைக்கு போட்டோ எடுக்கணும். ரெட்டை ஜடை மட்டும் போடுங்க, என் வயசு தெரிஞ்சா போதும்."

இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்தது, போட்ட மேக்கப்பைத் துடைத்த அந்த ஒரு வேலைதான்.