தூங்குகிறவருக்கு வாங்கிய ஏசி

என் கணவருக்குத் தூக்கம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே தூங்கினால் கீழே நிற்கிறவன் செத்துப்போவான்.

துறைமுகத்து யார்டில் கிரேன் ஓட்டுகிறார். ஐந்தாறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஏசி. ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் உட்கார்ந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைப்பார். விடிந்ததும் கல்மண்டபம் ஏரியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். இங்கே சித்திரை வெயிலில் சுவர் காய்ந்து, பாய் காய்ந்து, படுத்திருக்கும் மனிதரும் காய்ந்து கிடப்பார். விழித்திருக்க வேண்டிய இடத்தில் ஜில்லென்று காற்று, தூங்க வேண்டிய இடத்தில் அடுப்பு. உட்கார்ந்து யோசித்தால்கூட இவ்வளவு பொருத்தமான ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது.

ஒரு நாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நேத்து ஒரு நிமிட்டு கண்ணு சொருகிச்சும்மே. பெட்டி மேல தொங்கினு கீது. கீழ லாரிக்காரன் நின்னுகினு இருந்தான்."

"அப்பால?"

"அப்பால இன்னா. முழிச்சிகினேன்."

அவர் பேச்சு அவ்வளவுதான். சட்னி கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார். அந்த லாரிக்காரனுக்கும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள், அவளும் காலையில் இட்லி ஊற்றிவைத்துக் காத்திருப்பாள் என்று நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. அந்த வாரமே ஏசி வாங்கிவிட்டோம்.

யாருக்காக வாங்கியது என்பதில் சந்தேகமே கிடையாது. பகலில் அவர் தூங்க வேண்டும். எங்கே தூங்குவார்? உள் ரூமில். அப்படியானால் ஏசியை எங்கே மாட்ட வேண்டும்? ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை பதில் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை இல்லை. என் நாத்தனார் இருந்தார்.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். அடுத்த தெருவில் வீடு. எங்கள் பகுதி அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. கோயில் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சின் எல்லைக்குள், இருக்கிற குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபம் சொல்வதுதான் அன்பியம். அது தவிர, எங்கள் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்ற துறையும் அவரிடமே இருந்தது. ஏசி மெக்கானிக் வந்து பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

"ஹால்ல மாட்டுப்பா" என்றார் மெக்கானிக்கிடம், என் முகத்தைப் பார்க்காமலே.

இதை மட்டும் அவர் குற்றமென்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வீட்டில் உருப்படியான பொருள் எது வந்தாலும் அது ஹாலில்தான் நிற்கும். ஃப்ரிட்ஜ் ஹாலில். வாஷிங் மெஷின் பூப்போட்ட உறையோடு ஹாலில். சமையலறையில் வைத்தால் அது ஃப்ரிட்ஜ் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லைதான். வருகிறவன் கண்ணில் படாத பொருள் வாங்காத பொருளுக்குச் சமம்.

"அண்ணி, அவரு தூங்குறது உள்ளல்ல?" என்றேன்.

"வூட்டுக்கு வர்றவங்க உள் ரூமுக்கா வரப் போறாங்க? ஏசி வாங்கினது யாருக்குத் தெரியும்?"

மெக்கானிக் உள் ரூமின் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். "உள்ள மாட்டணும்னா அவுட்டோர் பொட்டி பின்னால சந்துலதான் வரும்க்கா" என்றார்.

பின் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயருக்குத்தான் பொதுச்சந்து. ஆள்வது பின்வீட்டு அக்கா. கரைக்குப் போய் நெத்திலி வாங்கிவந்து அங்கே சாக்கு விரித்துக் காயப்போட்டு விற்பவர். ஒருமுறை எங்கள் துணிக்கொடியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அவர் கருவாட்டில் விழுந்ததற்கு, என் பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் தலைக்கு மேல் ஒரு பெட்டியை மாட்டி, அது தண்ணீரும் சொட்டி, சூடாகவும் ஊதினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் கற்பனை செய்யத் தைரியம் இல்லை. அவரிடமே போய்க் கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை. புலி இருக்கிறதா என்று குகைக்குள் கையை விட்டா பார்ப்பார்கள்?

"அப்போ தெருப் பக்கம்" என்றார் நாத்தனார்.

"தெருப் பக்கம்னா லாரி தூசு ரொப்பிக்கும்" என்றார் மெக்கானிக். "உப்புக்காத்து வேற காப்பர் பைப்பைத் தின்னுடும். எங்க மாட்டினாலும் சேதாரம்தான்க்கா. நீங்க இன்னா சொல்றீங்களோ, அங்க மாட்றேன்."

கடைசியில் சம்பந்தப்பட்ட ஆளையே கேட்டுவிடலாம் என்று உள் ரூமுக்குப் போனேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, வியர்வையில் பாயோடு ஒட்டிக் கிடந்தார். "ஏங்க, எங்க மாட்டலாம்?" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எங்கியாச்சும் மாட்டுங்க. என்னைத் தூங்க வுடுங்க."

"பாத்தியா, தம்பியே சொல்லிட்டான்" என்றார் நாத்தனார், வாசற்படியில் நின்றபடி. "எங்கியாச்சும்னா ஹாலுதானே. பகல்ல ஹால்ல பாயைப் போட்டுப் படுக்கட்டும். யாரு வேணாம்னது?"

ஹாலில் மாட்டத் தோதான ஒரே சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் இருந்தது. ஆண்டவரை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ஏசியைப் போட்டதும் காற்று நேராகப் படத்தின் மீது அடித்து, முதல் காரியமாக மெழுகுவர்த்தியை அணைத்தது. திரும்ப ஏற்றினோம், திரும்ப அணைத்தது. நாத்தனார் கடைக்குப் போய் கரண்ட்டில் எரிகிற மெழுகுவர்த்தி ஒன்று வாங்கிவந்தார். ஆக, எங்கள் வீட்டிலேயே நல்ல குளிர் ஆண்டவருக்குத்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது.

ஹாலில் படுத்துப் பகலில் தூங்குவது என்ற திட்டத்தில் ஒரே ஒரு சின்னக் கோளாறு இருந்தது. எங்கள் ஹாலுக்கு நேரே தெருக்கதவு. ஏசி ஓட வேண்டுமானால் கதவைச் சாத்த வேண்டும். கல்மண்டபத்தில் பட்டப்பகலில் தெருக்கதவு சாத்தியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று, கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்கள். இல்லையென்றால் உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் போக யாருக்கும் மனசு வராது. தட்டுவார்கள். திறந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். "அட, ஏசியா? இன்னாம்மே, சொல்லவே இல்ல!" அப்புறம் அவர்களைக் கிளப்ப முடியுமா?

"தூங்குறாரா? தூங்கட்டும் தூங்கட்டும். நாங்க மெதுவா பேசிகினு இருக்கோம்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் மெதுவாகப் பேசினால் காசிமேடு வரைக்கும்தான் கேட்கும்.

ஒரு வாரம் பொறுத்தார் என் கணவர். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு பழையபடி உள் ரூமுக்குப் போய், பழைய டேபிள் ஃபேனுக்கு முன்னால் படுத்துக்கொண்டார். ஹாலில் ஏசி ஓடியது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் சாய்ந்து, கண்ணை மூடி, சுகமாக இருந்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என் கணவரின் தூக்கத்தைத் தெரு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இது போதாதென்று அன்பியம் வந்தது. மதியம் மூன்று மணிக்கு இரக்கத்தின் ஜெபமாலை சொல்வது எங்கள் வழக்கம். வீட்டுக்கு வீடு முறை மாறும். வழக்கமாக நாலைந்து பெண்கள் வருவோம், அதில் ஒருவர் பாதியில் தூங்கிவிடுவார். நாத்தனார் புது அறிவிப்பு செய்தார். "வெயில் முடியிற வரைக்கும் தம்பி வூட்டுலதான் ஜெபம். மத்த வூட்டுல புழுங்குது. ஜெபத்துல மனசு ஒட்ட மாட்டேங்குது." அன்று முதல் எங்கள் தெருவில் பக்தி பெருகியது. கிறிஸ்துமஸுக்கே கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் ஜெபமாலையோடு வந்து முன்வரிசை பிடித்தார்கள். ஏசிக்கு நேர் கீழே உட்காருவதற்காக இரண்டரைக்கே வந்தவர்களும் உண்டு. நான் எல்லோருக்கும் காபி போட்டேன். சமையலறையில் வைக்க ஏசி வாங்கலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உள் ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாள் மாலையும் சிவந்த கண்ணோடு எழுந்து வேலைக்குக் கிளம்புவார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் ஃபோன் அடித்தாலே எனக்கு உயிர் போகும்.

ஒரு நாள் ஜெபமாலை முடிந்து மன்றாட்டு ஆரம்பமானது. நாத்தனார் கண்ணை மூடி, கையை விரித்து, கோயில் தமிழில் உருகினார். "இரவு முழுவதும் உழைத்துக் களைத்திருக்கும் எங்கள் சகோதரனுக்கு நல்ல ஓய்வையும் நிம்மதியான நித்திரையையும் தந்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது ஹால் முழுவதும், ஒரே குரலில்.

உள் ரூம் கதவு திறந்தது. லுங்கியோடு, வெற்று மார்பில் வியர்வை வழிய, கக்கத்தில் தலையணையோடு அவர் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. யாரையும் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் ஓரமாகக் கிடைத்த இடத்தில் தலையணையைப் போட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். அடுத்த மன்றாட்டுக்குள் குறட்டை வந்துவிட்டது.

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. குறட்டையை அமுக்க வேண்டுமென்று குரலை உயர்த்தினார். குறட்டையும் உயர்ந்தது. அவர் இன்னும் உயர்த்தினார். அப்போதுதான் என் கணவர் அலறிக்கொண்டு எழுந்தார்.

"டேய், கீழ நிக்காத! தள்ளு! தள்ளுடா!"

வலது கை காற்றில் எதையோ இழுத்துப் பிடித்தபடி நின்றது. சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க" என்று முனகிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

எனக்கு வந்தது பயமா ஆத்திரமா என்று கேட்டால் இரண்டும்தான். காபித் தட்டைத் தரையில் வைத்தேன்.

"ஆண்டவரு மன்றாட்டைக் கேட்டுட்டாரு. எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போங்க" என்றேன்.

"இன்னும் ஜெபம் முடியலைம்மே" என்றார் நாத்தனார்.

"நீங்க கேட்டதை அவரு குடுத்துட்டாரு அண்ணி. நீங்கதான் குடுக்க மாட்டேன்றீங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எங்கள் மதத்திலும் செல்லுபடியாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் ஏசியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் கடைசியாகப் போனார், காபி குடிக்காமல். எங்கள் குடும்பத்தில் அது பெரிய வார்த்தை.

தெருக்கதவை வெளியே பூட்டினேன். அதே வேகத்தில், அந்த வேகம் ஆறுவதற்குள், பின் சந்துக்குப் போனேன். பின்வீட்டு அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அந்தப் பொட்டி சூடா ஊதுமா?" என்றார்.

"ஊதும்க்கா." என் மூன்று தலைமுறையையும் மனசுக்குள் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

"மழ நாள்ல?"

"ஏசி ஓடினா ஊதும்."

"அப்போ அது மூஞ்சை என் பக்கமா திருப்பி வெக்கச் சொல்லு. மழ வந்தா காய மாட்டேங்குது, நெத்திலி பூரா நாறிப் போவுது. இதுக்குப் போயி இத்தினி நாளா பேஜாரு பண்ணிகினு கீறீங்களே! தண்ணி மட்டும் மேல வுழுந்திச்சு, அப்பால தெரியும் சேதி."

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். நாளைக்கே வந்து உள்ளே மாற்றித் தருகிறேன் என்றார். "நான் அப்பவே நெனச்சேன்க்கா" என்றார். இந்த ஊரில் எல்லோரும் நன்றாகத்தான் நினைக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவர் அதே இடத்தில், அதே பக்கமாகப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வியர்வை காய்ந்திருந்தது. போர்வையை எடுத்துக் காலில் போட்டேன். பொழுது சாய்ந்தது. வேலைக்கு எழுப்ப வேண்டிய நேரம் வந்தது, போனது. நான் எழுப்பவில்லை. அவருடைய ஃபோன் அடித்தது. யார்டு சூப்பர்வைசர்.

"இன்னாம்மா, இன்னும் ஆளைக் காணோம்?"

"இன்னிக்கு வரமாட்டாரு சார்."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாதான் கீது. தூங்குறாரு."

"தூங்குறாரா? கப்பல் நின்னுகினு கீதும்மா. எழுப்பிவுடு."

"இங்க எழுப்பினா அங்க தூங்குவாரு சார். கீழ உங்க ஆளு நிப்பாங்க. எழுப்பட்டா?"

அந்தப் பக்கம் கிரேன் சத்தத்துக்கு நடுவில், வேற ஆளை மேல ஏத்து என்று யாரிடமோ கத்தினார். பிறகு ஃபோனை வைத்துவிட்டார்.