போக்-ஹீ அக்கா அழுத காட்சி

கொரியாவில் சியோல் நகரத்து மாஜாங் இறைச்சிச் சந்தையில் போக்-ஹீ அக்காவுக்குப் பன்றிக்குடல் கழுவும் வேலை. பக்கத்தில் நான் தலைக்கறி விற்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டிதான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒரே மகன் யோங்-தேயை அந்தத் தொட்டியடியில் வைத்தே வளர்த்தாள். ஹோட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொடுக்க மோட்டார் சைக்கிளில் போனவன், ஒருநாள் லாரியில் அடிபட்டுச் செத்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

அதே வருஷக் குளிர்காலத்தில்தான் தாக் இன்-ஹோ என்ற டைரக்டர் வந்தான். அப்போது அவனை யாருக்கும் தெரியாது. எடுத்த படங்கள் எல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தன. "நிஜமான சந்தை, நிஜமான முகம் வேணும்" என்று சொல்லி அக்காவின் தொட்டியருகே கேமராவை வைத்தான். எங்களோடு உட்கார்ந்து ரத்தக்குடல் சூப் குடித்தான். அக்காவை வார்த்தைக்கு வார்த்தை "அம்மா" என்றான். அவளும் தன் கிண்ணத்து ஈரலை எடுத்து அவன் கிண்ணத்தில் போடுவாள். பேச்சோடு பேச்சாக மகனைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

குடல் கழுவிக்கொண்டே அழ வேண்டும், அதுதான் காட்சி. அக்காவுக்கு வரவில்லை.

"கேமராவைப் பாத்தா சிரிப்புதான் வருது தம்பி. வெங்காயம் இருந்தா குடு, உரிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடியே வந்து அவள் பக்கத்தில் குந்தினான். காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"அம்மா, யோங்-தே சாகும்போது உங்களத்தான் கூப்பிட்டிருப்பான். நீங்க இங்க குடல் கழுவிக்கிட்டிருந்தீங்க."

சொல்லிவிட்டுக் கையைக் காட்டினான். கேமரா ஓடியது.

அக்கா அலறினாள். குடல் குவியல்மேல் முகங்குப்புற விழுந்தாள். தூக்கப் போன என் கையை ஒருத்தன் பிடித்து இழுத்தான். "ஃப்ரேமுக்குள்ள போயிடாதீங்க!" வாயிலும் மூக்கிலும் சாணியும் சளியுமாக அவள் கிடந்தாள். ஒருவரும் அசையவில்லை.

"பிரமாதம்!" என்றான் டைரக்டர். "முகம் மட்டும் மறைஞ்சிடுச்சு. அம்மா, இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?"

"நீ மனுஷனாடா?" என்று கத்தினேன். அவன் திரையில் எடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் வெளிநாட்டில் பெரிய விருது வாங்கியது. விழுவதற்குமுன் அலறிய அக்காவின் முகம் போஸ்டராகப் பஸ் நிறுத்தம் எங்கும் தொங்கியது. அதன்பிறகு அவனுக்கு ஏறுமுகம்தான், விருதுக்குமேல் விருது. பேட்டிகளில், "அந்த அழுகை நான் செதுக்கினது" என்பான். சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பல வருஷம் கழித்து அவனுக்குப் பாராட்டு விழா என்று அக்காவை அழைத்தார்கள்.

"போகாதக்கா."

"போகணும் தங்கச்சி. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

நானும் போனேன். திரையில் அக்கா விழுகிறாள், எனக்குப் பக்கத்தில் செண்ட் மணக்க உட்கார்ந்திருந்த பெண், "என்ன அழகு!" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மேடையில் அவன் அக்காவைக் கட்டிப்பிடித்தான். "இவங்கதான் எனக்கு அம்மா!" ஒரே கைதட்டல். அக்கா அவன் கையை எடுத்து விலக்கினாள்.

"என் பையன் பேர் என்ன? சொல்லு."

அவன் சிரித்தான். பிறகு உதவியாளனைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை.

"அன்னிக்கு என் காதுல சொன்னியேடா. இப்ப மைக்ல சொல்லு."

அவன் தலையைத் தாழ்த்தி, கண்ணைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்தான். யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"இதையும் நடிப்புன்னு நெனச்சுட்டானுங்க" என்றாள் அக்கா, படியிறங்கும்போது. வெளியே வந்ததும் துப்பினாள். எனக்கும் துப்பத்தான் தோன்றியது.

அடுத்த மாதமே அவன் ஆட்கள் சந்தைக்கு வந்தார்கள். மேடையில் நடந்ததையே வைத்துப் புதுப் படமாம். அக்காவே நடிக்க வேண்டுமாம். கேமராவைத் தூக்கியவன்மேல் அவள் ஒரு வாளி குடல் தண்ணீரைக் கொட்டினாள். "மோந்து பாரு. இதுதான் நிஜம். எடுத்துக்கிட்டுப் போ."

அதோடு எங்கள் சந்தைக்குள் எந்தக் கேமராவையும் விடுவதில்லை. அந்தப் படத்தை வேறு ஊர் மீன் சந்தையில் எடுத்து முடித்துவிட்டானாம். அதற்கும் விருது. அங்கே எந்தப் பெண்ணின் காதில் என்ன சொன்னானோ, பாவி.