தரை அறுக்கிறவன் கேட்ட சத்தங்கள்

கான்கிரீட் அறுக்கும் தொழிலில் கண்ணைவிடக் காதுக்குத்தான் பாடு அதிகம். மிஷின் ஓடும்போது அதன் அலறலைத் தவிர வேறெதுவும் கேட்காது. நிறுத்திய பிறகு கேட்பதுதான் பயம். ரைஸ் மில்லிலும் கல் குவாரியிலும் இரைச்சலோடு பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து நானும் என் கூட்டாளி முருகேசனும் அந்தச் சக்கரம் வைத்த பெட்ரோல் மிஷினைத் தள்ளிக்கொண்டு போன இடங்களில் நடந்தவை இவை.

பிளேடைத் தட்டியபோது

மாட்டுவதற்கு முன்னால் பிளேடைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பார்ப்போம். கணீரென்று ஒலித்தால் நல்ல பிளேடு. பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதை மாட்டினால் சுற்றும் வேகத்தில் துண்டு பறந்து ஆளை அடிக்கும்.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு வீட்டு வாசலில் முருகேசன் தட்டினான். நல்ல பிளேடு, ஒலி நீளமாக நின்று அடங்கியது. சாவு ஊர்வலத்தில் அடிக்கும் சேகண்டிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பிறகு பக்கத்து வீட்டுக் கதவு. எங்களை வேலைக்குக் கூப்பிட்ட அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உள்ளே படுக்கையில் கிடந்த மாமனாரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் மெதுவா தட்டுங்க. அவரு இன்னும் முழிச்சிக்கினுதான் இருக்காரு."

திரும்பி வராத தண்ணீர்

பிளேடு சூடாகாமல் இருக்கவும் தூசி பறக்காமல் இருக்கவும் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். விட்ட தண்ணீர் சிமெண்ட் பாலாக மேலே வழியும். மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக் குழாய்க்காகச் சிமெண்ட் தரையை அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் பார்த்தால் பால் வழியவில்லை. விட்ட தண்ணீரையெல்லாம் தரை குடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்துக் காதடைப்பானைக் கழற்றினேன். எங்கேயோ ரொம்ப ஆழத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். வெட்டின இடுக்கில் ஒரு பொடி ஜல்லியைப் போட்டேன். விழுந்த சத்தம் வர நேரமானது. கீழே பழைய கிணறு; யாரோ எப்போதோ மேலே பலகைக் கல்லைப் போட்டுத் தளம் பூசியிருக்கிறார்கள். அதன் நடுவில் நானும் அந்தக் கனமான மிஷினும். அடி எடுத்து வைக்கவே பயமாக இருந்தது. முருகேசன் வீசிய கயிற்றைக் கைப்பிடியில் கட்டிவிட்டு, நான் மெல்ல நகர்ந்து வெளியே வந்தேன். பிறகு எட்ட நின்று எல்லோருமாக மிஷினை இழுத்தோம்.

வீட்டுக்காரர் பின்னுக்கு நகர்ந்து சுவரோரம் போய் நின்றார். அவர் மனைவிதான் கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "வெயில் காலத்துல இதுமேலதாங்க பாய் போட்டு படுத்துக்கினு இருந்தோம். அடியில யாரோ தண்ணி மொள்ற சத்தம் கேக்குதுன்னு நான் சொன்னா, தூங்குடின்னுவாரு."

வளைவில் தட்டியது

கல்வராயன் மலையில் வேலை முடித்து, மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்தோம். பிளேடைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பெல்ட் போட்டு இறுக்கியிருந்தோம். மூடுபனி. ஒரு வளைவில் கேபினுக்குப் பின்னால் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். மலையில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் இறங்க வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார்கள். ஆனால் நாங்கள் யாரையும் ஏற்றவில்லை.

டிரைவர் செல்வம் நிறுத்தினார். டயருக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. பெல்ட் அறுந்து கிடந்தது. கட்டைகள் நழுவி, பிரேக் அடிக்கும்போதெல்லாம் மிஷின் முன்னால் வந்து கேபினை இடித்திருக்கிறது. அடுத்த இறக்கத்தில் எங்கள் முதுகின்மேல் வந்திருக்கும். இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினோம்.

செல்வம் மட்டும் சாதாரணமாக இருந்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "காலி வண்டில வந்தாகூட இந்த வளைவுல தட்டும்ணா. இன்னிக்கிதான் எறங்கி பாத்துக்கீறோம்."

முருகேசனைக் கூப்பிட்டது

கச்சிராயபாளையத்தில் ஒரு உர கோடவுன். ஷட்டரை முழுசாகத் திறந்து வைத்து முருகேசன் அறுத்துக்கொண்டிருந்தான். நான் தெருமுனைக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டையில் சாரல் அடிக்கிறதென்று கோடவுன்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

நான் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே மூச்சடைக்கிற இன்ஜின் புகை. மிஷின் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. முருகேசன் மூலையில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். காதடைப்பான் காதிலேயே இருந்தது. யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு வந்து மழையில் போட்டேன். வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவன் பேசுகிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

சாயங்காலம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தான். மிஷினை விட்டுவிட்டு மூலைக்கு ஏன்டா போனாய் என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தான். "இன்னாண்ணா கேக்கிற? நீதான அங்க நின்னுக்கினு கூப்ட்ட, 'இங்க வாடா, காத்து நல்லா வருது'ன்னு."

இன்றைக்கும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'தரை அறுக்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், மீதியைச் சொன்னால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.