மஞ்சள் வைத்த பத்திரம்

அண்ணனின் கட்டைவிரலை எலும்பு தட்டும்வரை கடித்தவள் நான். அதற்காக இன்றுவரை எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

நாங்கள் இருவரும் சேர்ந்து தொடங்க இருந்த கம்பெனி அது. சித்தூரில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, மாம்பழக்கூழைப் பாக்கெட்டில் அடைத்து ஆன்லைனில் விற்பது. கெமிக்கல் போடாமல் கூழ் கெடாதிருக்கும் பக்குவம் என்னுடையது. கெட்டுப்போன கூழை அண்டா அண்டாவாகக் கொட்டிக் கவிழ்த்த பிறகு கைக்கு வந்தது. மெஷின், வண்டி, வெளிப்பேச்சு எல்லாம் அண்ணன்.

திருப்பதியில் ஒரு வக்கீலம்மா பத்திரங்களின் மாதிரியைப் போனில் அனுப்பியிருந்தார். எந்த ஸ்டார்ட்அப்புக்கும் அதே அச்சுதான், காலியிடங்களை நிரப்பினால் போதும். "கோர்ட்டாண்ட போய் நா டைப் அடிச்சிக்கினு வந்துடறேன்" என்று அண்ணன் கிளம்பினான். நம்பி அனுப்பினேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பத்திரமானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, நல்ல நேரம் பார்த்துத்தான் கையெழுத்து. மஞ்சள் பட்டுவிட்டால் அதில் அடித்தல் திருத்தல் கூடாது. அதனாலேயே அப்புறம் யாரும் அதைப் படிப்பதில்லை. அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். நைனா, எங்கள் அப்பா, மஞ்சள் வைத்து முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

"நல்ல நேரம் போய்க்கினு கீது, சீக்கிரம் கையெழுத்து போடு."

நான் படித்தேன். நிறுவனர்கள் என்ற இடத்தில் அண்ணன் பெயரும் நைனா பெயரும் இருந்தன. என் பெயர் கடைசிப் பக்கத்தில், சாட்சியாக.

"என் பேரு எங்கடா?"

"நாளைக்கி வேற வூட்டுக்குப் போறவ நீ. கம்பெனியையும் கூட தூக்கிக்கினு போவியா?"

பத்திரத்தைக் குறுக்கே கிழித்தேன். அடுத்த நொடி அறை விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், இரண்டாம் முறையும் மோதினான். நான் கத்தியதும் வாயைப் பொத்தினான். அப்போதுதான் கட்டைவிரல் கிடைத்தது. அவன் அலறியும் விடவில்லை. உதறிக்கொண்டு உதைக்க வந்தவன் தோளில் குத்துவிளக்கைத் தூக்கி இறக்கினேன். எண்ணெயும் ரத்தமும் தரையெல்லாம் வழிந்தன. கொன்றுவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

"மஞ்ச வெச்ச பேப்பர கிழிச்சிட்டாளே பாவி!" என்று நைனா அலறினார். என் வாயிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, அவர் குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அடித்ததைவிட அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் காலை, "கூழ நீங்களே காச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். ஷெட்டில் தோத்தாபுரி மாம்பழம் மலையாகக் குவிந்து பழுத்துக்கொண்டிருந்தது. புத்தலப்பட்டு தாண்டும்வரை துப்பட்டாவால் உதட்டை ஒற்றிக்கொண்டே போனேன்.

மதியத்துக்குள் அண்ணன் பைக்கில் நைனாவை ஏற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா ஆபீசுக்கே வந்துவிட்டான். பழம் அழுகினால் பாசம் வருகிறது பாருங்கள். வக்கீலம்மா என் முகத்தைப் பார்த்து, "எவரு கொட்டினாரம்மா?" என்று, அடித்தது யார் எனத் தெலுங்கில் கேட்டார். அடித்தவன் தரையைப் பார்த்தான்.

"மொதல்ல பத்திரம் அடிங்க மேடம்" என்றேன்.

அதே அச்சு. நிறுவனர்கள் நானும் அண்ணனும், சரிபாதி. நைனா சாட்சி. பிரிண்ட் வந்ததும் வக்கீலம்மா வழக்கம்போல மஞ்சள் டப்பாவைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"படிச்சப்புறம் வைங்க மேடம். அவன் படிக்கட்டும், சத்தமா."

கட்டுப்போட்ட விரலால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் படித்தான். என் பெயர் வந்த இடத்தில் குரலை விழுங்கினான்.

"கேக்கல. மறுபடி படி."

படித்தான். நைனா கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் மறுபடி ரத்தம் கசிந்தது. துடைக்காமல் சொன்னேன்.

"நைனாக்கு காதுல வுழல. இன்னொரு தபா படி."